ஒரே நீர், இரண்டு வாக்குறுதிகள்

குசினியில் சல்மன் வெட்டும்போது அது எந்த ஆற்று மீன் என்று நாங்கள் கேட்பதில்லை. எங்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் நோர்வேக் கடலில் கூடுகளுக்குள் வளர்ந்தவை. அவற்றுக்கு ஆறே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கோப்பை கழுவ வந்த எங்களுக்குள், கடைசி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரங்களில், ஆறுள்ள சல்மனைப் பற்றிப் பேச்சு வரும். கிளமத் ஆற்றின் சல்மன்.

அமெரிக்காவின் ஒறிகனில் தொடங்கி, கலிபோர்ணியாவில் பசிபிக் கடலில் விழும் ஆறு அது. கழிமுகத்தில் யூறொக் மக்களும், மேலே கறுக், கிளமத் மக்களும் அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள். கிளமத் மக்களின் மீன்பிடி உரிமையை 1864 உடன்படிக்கையில் அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் அதே அரசு ஏரி நீரை வாய்க்கால்களில் திருப்பி, இரு உலகப் போர்களிலிருந்தும் திரும்பிய வீரர்களுக்கு அங்கே காணி கொடுத்தது. ஒரே நீர் இரு தரப்புக்கும் வாக்களிக்கப்பட்டது.

2001 இல் மழை பொய்த்தது. அழிந்துகொண்டிருந்த மீன்களுக்காக வாய்க்கால்கள் மூடப்பட்டன; வயல்கள் காய்ந்தன. அடுத்த ஆண்டு வயல்களுக்கு நீர் விட்டார்கள். 2002 செப்ரெம்பரில், வற்றிச் சூடேறிய ஆற்றில் நெருக்கியடித்த சல்மன்கள் செவுள் நோய் கண்டு 30,000 க்கு மேல் செத்து மிதந்தன.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததை அறிந்த எங்களால், இதில் ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. குடத்துடன் நிற்பவளும் மண்வெட்டியுடன் நிற்பவனும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துகிறார்கள். வாக்குக் கொடுத்தவர் அங்கே இல்லை.

பழங்குடி மக்களின் நீண்ட போராட்டத்தின் பின், 2023 இலும் 2024 இலும் நான்கு அணைகள் உடைக்கப்பட்டன. அவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை, பாசனத்துக்காக அல்ல. ஆகவே அணைகள் போயும் ஏரி நீர் பற்றிய வழக்கு அப்படியே இருக்கிறது. வெற்றியைக் கொண்டாடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் 2024 ஒக்ரோபரில் சல்மன் ஒறிகனுக்குள் ஏறி வந்தது. 1912 க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

எங்களில் ஒருவர் இதை ஊர் திரும்புதல் என்றார். மற்றவர் ஒப்பவில்லை. அந்த மீன்களின் தாயோ பாட்டியோ அந்த நீரைக் கண்டதில்லை. யாரும் அவற்றைக் கூப்பிடவுமில்லை. வழி திறந்தது, போயின. ஆனால் போன இடத்தில் நீர் இருக்கவேண்டும். அதை மீன்கள் பார்த்துக்கொள்ள முடியாது.