இலவசமாக வரும் துணைக்கருவிகள்

உங்கள் மகன் கணனியில் 'வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ட்' விளையாடுகிறாரா? 2004இல் வெளியான இந்த மாயாலோக விளையாட்டுக்கு "அட்-ஒன் போட வேண்டும்" என்று கேட்டால் உடனே சினந்துவிடாதீர்கள்.

அட்-ஒன் என்பது விளையாடுவோரே எழுதிப் பகிரும் சிறு துணைக்கருவி. என் மகனின் அருகில் அமர்ந்து பார்த்தேன். 'டொம்டொம்' போகவேண்டிய திசையை அம்புக்குறியால் காட்டுகிறது. 'பெக்னன்' பல பைகளில் சிதறிய பொருட்களை ஒரே பார்வையில் தருகிறது. 'ஒக்ஷனேட்டர்' ஏல அங்காடியில் விலை பார்க்க உதவுகிறது.

இவற்றுக்குக் காசு கேட்கக்கூடாது, எழுதிய நிரலை மறைக்கவும் கூடாது என்று விளையாட்டு நிறுவனம் 2009இல் விதித்தது. ஆகவே பணமோ கடவுச்சொல்லோ கேட்கும் அட்-ஒன்னைத் தொடவே வேண்டாம்.

அட்-ஒன்களை நிறுவித் தரும் மென்பொருள்களிலும் கவனம் தேவை. 2014இல் அத்தகைய பிரபல மென்பொருள் ஒன்றின் போலிப் பிரதியை நம்பி இறக்கியோரின் கணக்குகள் களவு போயின. அதே கணனியில்தானே நம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்?

தடுப்பதற்கு முன் அன்போடு ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எங்கே இருந்து எடுத்தீங்க மகன்?"