ஒரே சொல்

இசை ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே நாம் கிளறப் போவதில்லை. சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஜப்பானிய மொழியில் 'அய்' என்றால் அன்பு. அ, இ என்னும் ஈருயிர் கூடிய சொல். டோக்கியோவில் என்.எச்.கே. வானொலியின் மின்னிசைக் கூடம் 1955-இல் அமைந்து, தொஷிரோ மயூஸுமி போன்றோர் மின்கருவிகளிலிருந்தே ஒலியைப் பிறப்பித்துக் கொண்டிருந்த காலம் அது. தோரு தகெமித்ஸு 1956-இல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இச்சொல்லை மட்டும் சொல்லச் செய்து ஒலிநாடாவில் பதிந்தார்; அப்பதிவுகளைக் கோத்து, சுமார் நான்கு நிமிட ஆக்கமாக்கினார். வாத்தியம் ஏதுமில்லை.

முதன்முறை கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறோம். கெஞ்சலும் முனகலும் அதட்டலுமாக ஒரே சொல்! ஓரெழுத்தை எவ்வளவு நீட்டுவது என்பதற்கும் கணக்குண்டு என்று சிறுவயதில் ஹஜ்ரத்திடம் ஓதிக் கற்ற காது நம்முடையது. (அதையும் இதையும் ஒப்பிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டா.) அந்தக் காதும் அன்று சிரித்தது.

பிறகுதான் அவர் வரலாற்றைப் படித்தோம். 1944-இல், பதினான்கு வயதில், படைவேலைக்குப் பிடிக்கப்பட்ட சிறுவர் அவர். மேலை இசைக்குத் தடையிருந்த நாளில், மலைமுகாமில் அதிகாரி ஒருவர் இசைத்தட்டில் ஒரு பிரெஞ்சுப் பாடலைக் கேட்கச் செய்தாராம். 'அன்பைப் பற்றி என்னிடம் பேசு' என்பது அப்பாடலின் பெயர்.

அன்றிரவே அந்த நான்கு நிமிடத்தை மீண்டும் கேட்டோம். இம்முறை சிரிக்கவில்லை.