காவலும் கம்பும்

திருடனைப் பற்றிப் பேசுவதென்றால் நம்மவர்களுக்குத் தனி உற்சாகம் வந்துவிடுகிறது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், நள்ளிரவுக் கள்வர்களின் உளியையும் நூலேணியையும்கூட விடாமல் சொல்லிவிடுகிறார். ஆனால் அந்தப் பகுதியில் என் மனத்தில் நிற்கிறவர்கள் ஊர்க்காவலர்கள்தாம். பாவம், மழை கொட்டுகிற இரவிலும் அவர்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் பாண்டிச் சீமைக் கிராமங்களில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் காவல்காரர்கள். விளைச்சலில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. மாடு களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்க எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் காலப்போக்கில், காவல்கூலி கொடுக்காதவன் வீட்டு மாடு காணாமற் போவதும், அதை மீட்டுத் தர ‘துப்புக்கூலி’ என்று தனியாக ஒரு தொகை கைமாறுவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. 1816-ல் கும்பெனியார் கிராமக் காவலைச் சட்டம் போட்டு ஊர்த் தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தார்கள். 1859-ல் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. பிறகென்ன, காவல் சர்க்கார் சமாசாரம் என்று ஜனங்கள் கதவைத் தாளிட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தவர் பிரதீப் வி. பிலிப். 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் போலீஸ் சூப்பரின்டெண்டாக இருந்தபோது ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பை அவர் தொடங்கினார். சாதாரண ஜனங்கள் ரோந்துக்குத் துணை போவதும், காதில் விழுந்ததை ஸ்டேஷனில் சொல்வதும் அதன் காரியங்கள். நல்ல யோசனை என்றே இன்றும் நான் நினைக்கிறேன். தெருவைத் தெரிந்தவன் தெருவில்தானே இருக்கிறான்?

இதில் அதிகாரம் என்று எதுவும் கிடையாது. நம் சட்டம் தனி மனிதனுக்குக் கொடுப்பதே கொஞ்சம்தான். அவன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸார் வாரண்டில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் ஆளைப் பிடிக்கலாம்; பிடித்தவனை வீண் தாமதமின்றிப் போலீஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டம் அதற்கு ஆறு மணி நேரம் என்று கெடுவும் வைத்திருக்கிறது. அடிக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை, போலீஸ்காரருக்கும் இல்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தகப்பனும் மகனும் காவலில் இறந்துபோனார்கள். ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பதுதான் அவர்கள் மேல் வந்த புகார். அந்த அடியில் தன்னார்வலர் சிலருக்கும் பங்குண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் போலீஸ் நண்பர்கள் அமைப்புக்குச் சர்க்கார் தடை போட்டுவிட்டது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தான் என்ற பெயரில் ஒருவன் உள்ளே போய்க் கம்பைத் தூக்குவானென்றால், ஸ்டேஷனுக்குப் போகிறவன் எந்த முகத்தைத் தேடுவான்?

எங்கள் தெருவிலும் சில வருஷங்களுக்கு முன் இரண்டு வீடுகளில் களவு போயிற்று. சங்கத்தார் கூடி, முறை வைத்து ராக்காவல் போட்டார்கள். ஆளுக்கொரு விசில், ஒரு மூங்கில் கம்பு. கம்பு எதற்கு என்று நான் கேட்டதற்கு, “நாய் வரும் சார்” என்றார் காரியதரிசி.

நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவனைப் பையன்கள் வளைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு பை. “யாருய்யா நீ? பையில என்ன?” என்று ஆளுக்கொரு பக்கம் அதட்ட, அவனுக்குப் பேச நா எழவில்லை. பதில் வராததே குற்றமாகிவிட்டது. கம்பு ஒன்று உயர்ந்தது.

நல்ல வேளை, அன்றைய முறைக்காரர்களில் ரிட்டயரான தபால்காரர் ஒருவர் இருந்தார். டார்ச்சை அவன் முகத்தில் அடிக்காமல் காலடியில் அடித்தபடி நெருங்கி வந்தார்.

“என்னப்பா, அச்சாபீஸில் ராத்திரி ஷிப்டா? அம்மாவுக்கு மணியார்டர் அனுப்புவாயே, சௌக்கியமா இருக்காங்களா?”

அவன் அழுதுவிட்டான். பையில் தூக்குச்சட்டியும் ஒரு மாற்றுச் சட்டையும் இருந்தன.

மறுநாள் பையன்களில் ஒருவன் தபால்காரரிடம், “அவரை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, சரி. தெரியாதவனா இருந்தா என்ன பண்றது, தாத்தா?” என்று கேட்டான். கிழவர் சற்று யோசித்தார்.

“பேர் கேளு, தம்பி. சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ” என்றார்.

அதன் பிறகும் இரண்டு மாதம் காவல் நடந்தது. கம்புகள் சங்கத்து அறையிலேயே கிடந்தன.