முதலில் கீழே இறங்க வேண்டும்

பள்ளியில் பிரெஞ்சில் படித்த டின்டின் படக்கதையில்தான் இன்காக்களை முதன்முதலில் பார்த்தேன். எழுபத்து நான்கு வயதில் இப்போது மாச்சு பிச்சு போகத் திட்டம் போடுகிறேன்.

"அந்த உயரத்தை உங்க நெஞ்சு தாங்குமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு.

வரைபடத்தோடு உட்கார்ந்தேன். மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர்தான். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். விமானம் இறங்கும் குஸ்கோ நகரமோ 3,400 மீட்டர். மூச்சு வாங்குவது அங்கேதான்.

ஆகவே குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், காரில் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட வேண்டும். ஒயாந்தாய்தாம்போவில் இரண்டு இரவு. இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. உயரம் சுமார் 2,800 மீட்டர். மாச்சு பிச்சு அடிவாரத்துக்கு அங்கிருந்தே ரயில். பிறகு மலைமேல் பஸ். குஸ்கோவைச் சுற்றிப் பார்ப்பது கடைசியில், உடம்பு பழகிய பிறகு. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை; அதனால் ஜூன் மாதம்.

காகிதத்தை இதய மருத்துவரிடம் காட்டினேன். டிரெட்மில் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு வந்த பிறகுதான் டிக்கெட்.

நேற்று மாடிக்குப் போனேன். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர்கள் இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.