முசிறிக்குப் பாய் வாங்கப் போனோம்

மகளுக்கு இது ஏழாம் மாசம். பிறக்கப் போகிற குழந்தையைக் கிடத்த நல்ல கோரைப் பாயாக ஒன்று வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பாய் என்றால் முசிறிதான், அது எங்கள் வீட்டுச் சட்டம்!

பஸ்ஸிலேயே போயிருக்கலாம். "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்று பெரியவன் அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டான். லைசென்ஸ் வாங்கி இரண்டே மாசம். ஆளுக்கொரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, நெம்பர் ஒன் டோல்கேட், வாத்தலை என்று போனோம். இடது கைப் பக்கம் முதலில் கொள்ளிடம். முக்கொம்பைத் தாண்டியதும் அகண்ட காவிரி. வழியெல்லாம் வாழை. குணசீலத்தில் இறங்கிப் பெருமாளைச் சேவித்தோம். மனநிலை சரியில்லாதவர்களை அழைத்து வந்து 48 நாள் தங்க வைக்கிற கோயில் அது. பிராகாரத்தில் ஒரு தாயைப் பார்த்தேன். மனசு கனத்துப் போயிற்று.

முசிறியில் பாய்க் கடைக்கு முன்னால் ஆற்றைப் பார்த்துவிடலாம் என்று படித்துறைப் பக்கம் போனோம். எதிர்க்கரை குளித்தலை. நான் இறங்கிக்கொண்டேன். அவன் வண்டியைத் திருப்பும்போது மணலில் கால் வழுக்கி, வண்டி மெதுவாக வலது பக்கம் சாய்ந்துவிட்டது. அடி ஒன்றுமில்லை. அவசரமாகத் தூக்கினான் பாருங்கள், அப்போதுதான் சைலன்ஸர் கெண்டைக் காலில் பட்டுவிட்டது. எட்டணா அகலத்துக்குச் சிவந்து போயிற்று.

டீக்கடை அம்மா பாவம், பற்பசையோடு ஓடி வந்தார். "வேண்டாங்க்கா, தண்ணி மட்டும் குடுங்க" என்று சொல்லி, குழாயைத் திறந்து இருபது நிமிஷம் காலைக் காட்டச் சொன்னேன். "போதும்மா" என்று நெளிந்தான், விடவில்லை. பற்பசை, இங்க், வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளம் வந்தாலும் உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடினால் போதும். உள்ளங்கையைவிடப் பெரிய காயமென்றாலோ, முகம், கை, மூட்டில் பட்டாலோ, குழந்தை என்றாலோ நேரே டாக்டரிடம் போய்விட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்ஸர் வலது பக்கம்தான் இருக்கிறது. புடவையோடு இடது பக்கம் காலைப் போட்டு உட்காரும் நமக்கு அதன் சூடு தெரிவதில்லை. இருபுறமும் கால் போட்டு உட்காரும் குழந்தைகளை எப்போதும் இடது பக்கமாகவே இறக்குங்கள்.

வண்டியைக் கிளப்பினால் 'படபட'வென்று ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். சைலன்ஸர் தொங்கி ஆடியது. கயிறு போட்டுக் கட்டலாம் என்றான் பையன். சூட்டில் கயிறு உருகாதா! உருட்டிக்கொண்டே ஒரு மெக்கானிக் கடைக்குப் போனோம். அவர் உடனே கை வைக்கவில்லை. "ஆறட்டும்மா, சூட்டுல திருப்புனா போல்ட்டு முறிஞ்சிரும்" என்று அரை மணி காக்க வைத்தார். பிறகு எனக்கே காட்டினார். குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தில் இரண்டு நட்டு, நடுவில் ஒரு வளையம்; பின்னால் தாங்குகிற பட்டையில் ஒரு போல்ட்டு. பின் போல்ட்டு எங்கேயோ விழுந்திருந்தது. வளையம் நசுங்கிப் புகை கசிந்தது. புது வளையம் வைத்து, முதலில் எல்லாவற்றையும் லேசாக மாட்டி, முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியாகப் பின் போல்ட்டை முறுக்கினார். "ஒரு பக்கத்தையே இறுக்குனா கோணிக்கும்" என்றார். பாய் முடைகிற கையைப் போலப் பதமான கை.

சைலன்ஸர் புகையில் மணமில்லாத விஷ வாயு இருக்கிறதாம். பழுதோ, நல்ல வண்டியோ, வீட்டுக்குள் நிறுத்தி இஞ்சினை ஓட விடக் கூடாது என்று அவரே எச்சரித்தார்.

பிறகுதான் பாய்க் கடை. காவிரிக் கரைக் கோரையைக் கிழித்து, காய வைத்து, சாயம் தோய்த்துப் போடுகிறார்கள். இப்போது மிஷினிலும் நெய்கிறார்கள். கையால் தடவிப் பார்த்து, சாயமேறாத வெள்ளைக் கோரையில் ஒன்று வாங்கினேன். குழந்தை மேலுக்கு அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

"அப்பாகிட்டச் சொல்லாதம்மா" என்றான். "நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன். சொன்னான். அவர் முதலில் காலைப் பார்த்தார், அப்புறம்தான் வண்டியை.