கிளைவைத் துரத்திய ஊர்!

விருத்தாசலம்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நடுராத்திரியில் ரயில் நிற்கிற ஜங்ஷனா? எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கிற விருத்தகிரீஸ்வரர் கோயிலா? கொலுவுக்கு வாங்கின பீங்கான் பொம்மையா? மூணுமே கரெக்ட்தான். ஆனா, நாலாவதா ஒண்ணு இருக்கு பாஸ்! ராபர்ட் கிளைவ் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டுக் குதிரையில் ஓடியது இந்த ஊரிலிருந்து திரும்பும்போதுதான்.

வருஷம் 1751. கர்நாடகப் போர் சமயம். அப்போ இந்தக் கோயில்தான் கோட்டை. அது ஆங்கிலேயர் கையில் இருந்தது. பக்கத்துப் பாளையக்காரர் ஒருத்தரோட ஆட்கள் அதை முற்றுகையிட, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து ஒரு படை கிளம்பி வந்து விரட்டியது. கூட வந்தவங்க ரெண்டு பேர். கம்பெனி கவுன்சில் உறுப்பினர் பிகாட், அப்புறம் 25 வயசு கிளைவ்.

வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் 12 சிப்பாய்களோடும் சில வேலைக்காரர்களோடும் திரும்பும்போது, பாளையக்காரர் ஆட்கள் துப்பாக்கிகளோடு வளைச்சுட்டாங்க. 7 சிப்பாய்கள் செத்து விழுந்தாங்க. தோட்டாவும் தீர்ந்துபோச்சு. மிச்ச சிப்பாய்களைச் சிதறி ஓடச் சொல்லிட்டு, ரெண்டு துரைகளும் குதிரையில் எஸ்கேப்! குதிரைப்படை பல மைல் துரத்தியும் சிக்கலை. அதே வருஷம் ஆற்காடு, 1757-ல் பிளாசின்னு கிளைவ் எங்கேயோ போயிட்டார். அன்னிக்கு அந்தக் குதிரை மட்டும் கால் இடறியிருந்தா..?

இதை உங்க வீட்டு மேஜை மேலேயே ஆடிப் பார்க்கலாம். பொம்மைப் படையை வெச்சு ஆடுறது ஒண்ணும் புதுசில்லை. 1913-லேயே எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்'னு புத்தகமே போட்டுட்டார். இதில் சின்ன சைஸ் ஆட்டத்துக்குப் பேர் 'ஸ்கர்மிஷ்'. பக்கத்துக்குப் பத்துப் பதினைஞ்சு பொம்மை போதும்.

பொம்மைக்கு எங்கே போறது? அதான் விருத்தாசலத்திலேயே இருக்கே! களிமண் குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊத்தினா, அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும். ஓரத்தில் மண் ஓடு மாதிரி படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துட்டு, அச்சைப் பிரிச்சு, காயவெச்சு, சூளையில் சுட்டா பொம்மை ரெடி. சிப்பாய்தான் வேணும்னு அடம்பிடிக்காதீங்க. கொலு பொம்மையில் யாரா இருந்தாலும் ஓகே. குதிரை இல்லைன்னா யானை!

அடுத்து கார்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, கிளைவ், பிகாட், சிப்பாய்கள், பாளையக்காரர் துப்பாக்கி, குதிரைப்படைன்னு ஆளுக்கொரு கார்டு எழுதுங்க. கூடவே 'தோட்டா காலி', 'டீ பிரேக்'னு ரெண்டு. குலுக்கி, ஒண்ணொண்ணா எடுங்க. யார் கார்டு வருதோ, அவங்கதான் நகரலாம், சுடலாம். டைஸில் 5, 6 விழுந்தா எதிரியில் ஒருத்தர் அவுட். 'தோட்டா காலி' வந்தா சிப்பாய்கள் அப்புறம் சுட முடியாது. 'டீ பிரேக்' வந்தா அந்த ரவுண்டு க்ளோஸ். கார்டு வராதவங்க நின்ன இடத்திலேயே நிக்கணும். அப்புறம் எல்லா கார்டையும் சேர்த்து மறுபடி குலுக்கல். (இந்த டீ பிரேக் நம்ம ஐடியா இல்லீங்க. இங்கிலாந்தில் நிஜமாவே இப்படி கார்டு வெச்சு ஆடுறாங்க!)

செஸ்ஸிலும் ஆடு புலி ஆட்டத்திலும் அடுத்து யார் முறைன்னு முன்னாடியே தெரியும். இதில் தெரியாது. எவ்வளவு பிளான் போட்டாலும் கார்டு வரலைன்னா கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்க வேண்டியதுதான். நிஜச் சண்டையும் அப்படித்தான்.

கிளைவும் பிகாட்டும் மேஜை விளிம்பைத் தொட்டுட்டா ஜெயிச்சாங்க. தொடுறதுக்குள்ள கிளைவை மடக்கிட்டா பாளையக்காரருக்கு ஜெயம்!

கடைசியா ஒரு ரூல். ராபர்ட் ஆர்ம் எழுதி 1763-ல் வெளியான வரலாற்றில் பிகாட்டுக்கும் கிளைவுக்கும் பேர் இருக்கு. செத்துப்போன சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கைதான். அதனால, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி 12 சிப்பாய் பொம்மைக்கும் அடியில் ஆளுக்கொரு பேர் எழுதுங்க. மாரிமுத்து, காசிம், பெரியசாமி... உங்க இஷ்டம்.

அப்புறம் டைஸ் உருட்டிப் பாருங்க. விழுறது பொம்மை இல்லை, மாரிமுத்து!