மூன்று ஊர் மல்யுத்தமும் ஒரு கட்டு கார்டும்



போன வாரம் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, ரப்பர் பேண்டு போட்ட டிரம்ப் கார்டு கட்டு ஒன்று கிடைத்தது. மல்யுத்த வீரர்களின் படம், உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் போட்டிருக்குமே, அதுதான். 90களில் உங்களில் ஒருவனிடம் நான் பிடுங்கியது. மேலே இருந்தவர் ஹல்க் ஹோகன். பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, இவரோட பழைய ஃபைட் ஒண்ணு காட்டவா?" என்று செல்போனில் போட்டுக் காட்டினான்.

1986 ஏப்ரல் 7, திங்கட்கிழமை நடந்த ரெசில்மேனியா 2. முதல் ரெசில்மேனியா முந்தைய வருடம் நியூயார்க்கில் ஒரே அரங்கில் நடந்தது. இரண்டாவதை வின்ஸ் மெக்மான் ஒரே இரவில் மூன்று ஊர்களில் நடத்தினார். நியூயார்க் பக்கம் யூனியன்டேல், சிகாகோ பக்கம் ரோஸ்மாண்ட், மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸ். உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி நேரக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? நியூயார்க்கில் இரவு 9 என்றால் சிகாகோவில் 8, லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 6தான். மூன்று ஊருக்கும் மூன்று வர்ணனைக் குழு, மூன்று மேடை.

யூனியன்டேலில் ரே சார்லஸ் பாட, மிஸ்டர் டி-யும் ராடி பைப்பரும் குத்துச்சண்டை போட்டார்கள். ரோஸ்மாண்டில் 20 பேர் ஒரே வளையத்தில் இறங்கினார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர்களும் அதில் உண்டு. கடைசியில் நின்றவர் ஆந்த்ரே த ஜயண்ட். லாஸ் ஏஞ்சல்ஸில் இரும்புக் கூண்டுக்குள் ஹோகனும் கிங் காங் பண்டியும். (முடிவு முன்பே பேசி வைத்தது என்கிறான் பேரன். இருக்கட்டும், விழுவது நிஜமாகத்தானே விழுகிறார்கள்!)

எனக்கு உறுத்தியது வேறு. முதலில் யூனியன்டேல், பிறகு ரோஸ்மாண்ட், கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று வரிசை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பங்கை மட்டும்தான் நேரில் பார்த்தார்கள். மற்ற இரண்டும் பெரிய திரையில்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டம் ஹோகனுக்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடமே எல்லாவற்றையும் பான்டியாக் நகரின் ஒரே அரங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ரெசில்மேனியாவை மறுபடி மூன்று ஊருக்குப் பிரிக்கவே இல்லை.

நம் பள்ளியில் எனக்கு 3, 4, 5 மூன்று வகுப்பும் ஒரே அறை. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போது நான்குக்குக் கையெழுத்து, ஐந்துக்கு "வாய்ப்பாட்டை எழுதுங்கடா". வாய்ப்பாடு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதி முடித்தவன் பலகைக்கு அடியில் கார்டு விளையாடினான். மூன்று அடி போட்டுப் பிடுங்கினேன். "வருஷக் கடைசியில தர்றேன்" என்றேன். இரண்டு நாள் வந்து கேட்டான். பிறகு கேட்கவில்லை. நானும் மறந்தேன். அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. திரை கூட இல்லாமல் காத்திருந்தான்.

கட்டில் 27 கார்டு இருக்கிறது. ஹோகன் கார்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறது. யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வீடு அதே வீடுதான். மதியம் 3 மணிக்கு மேல் வா, அதுவரை தூங்குவேன்.